எந்த அதிகாரம், எந்த வசனம்

திருவாலங்காடு
5 ஜனவரி 2024

ஜோஷ்வா அண்ணனுக்கு செண்பகம் எழுதுவது.

அண்ணியும் பிள்ளைகளும் நலமா? உங்கள் பழைய நம்பருக்கு மூன்று நாளாகப் போட்டுப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை என்றே வருகிறது. கும்மிடிப்பூண்டி ஜெபவீட்டு அந்தோணி அண்ணனைக் கேட்டால், அவரிடமும் புது நம்பர் இல்லையாம். ஓசூர் விலாசம் மட்டும் கொடுத்தார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் மில் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. என் வீட்டுக்காரர் ஊன்றுகோலோடு நடமாடுகிறார். சென்னையில் செயற்கைக் காலுக்கு அளவெடுத்திருக்கிறார்கள். நிலத்தை அவர் தம்பி பார்த்துக்கொள்கிறார். இவர் வரப்பில் உட்கார்ந்து வேலை சொல்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துத் தெருவில் சுமலதா என்று ஒரு பெண் இருக்கிறாள். அவள் அப்பா ஆதிநாராயணனுக்குச் சர்க்கரை வியாதி. காலில் புண் வந்து இரண்டு விரல் கறுத்துவிட்டது. விரலை எடுக்காவிட்டால் பாதமே போகும் என்று திருவள்ளூர் டாக்டர் சொல்கிறார். கிழவர் பிடிவாதமாக மாட்டேன் என்கிறார். சுமலதா என்னிடம் வந்து அழுதாள்.

எனக்கு உடனே அந்த வசனம்தான் ஞாபகம் வந்தது. இரும்பு மில்லில் பழுக்கச் சிவந்த கம்பி எகிறி இவர் காலைச் சுற்றி, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது, வராந்தாவில் நீங்கள் எனக்குச் சொன்னது. "நான் உனக்குக் கொடுத்த கால்களை எடுத்துக்கொள்ள ஒருவனுக்கும் அதிகாரமில்லை; நீ அவைகளால் என் பிரகாரங்களில் நடப்பாய்." அதைப் பிடித்துக்கொண்டுதானே மூன்று நாள் நான் காலை எடுக்கக் கையெழுத்துப் போடாமல் இருந்தேன். நாலாம் நாள் ஜுரம் ஏறி, கால் போய்விட்டது. ஆனாலும் உயிர் தங்கியதே, அது அந்த வார்த்தையால்தான் என்று இன்றுவரை இருக்கிறேன்.

அதை ஆதிநாராயணனிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "புக்குல போட்டிருக்குதா? எங்க, காட்டு. காட்டுனா நான் ஆஸ்பத்திரி பக்கமே போவ மாட்டேன்" என்றார். என் வேதத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. பொங்கல் கழித்து 19ஆம் தேதி அவரை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் எந்தப் புத்தகம், எந்த அதிகாரம், எந்த வசனம் என்று ஒரு வரி எழுதுங்கள், அண்ணா. போன் நம்பரும் எழுதுங்கள்.

செண்பகம்

*

ஓசூர்
11 ஜனவரி 2024

கர்த்தருக்குள் பிரியமான சகோதரி செண்பகத்துக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். சகோதரர் குப்புராஜ் எழுந்து நடமாடுவதைக் கேட்டு ஆண்டவரைத் துதித்தேன். அவர் செய்த நன்மைகள் எண்ணி முடியாதவை.

நீங்கள் கேட்ட வசனம் குறித்து. வேதம் ஒரு பெருங்கடல். பழைய மொழிபெயர்ப்பில் ஒரு விதமாகவும் புதிய மொழிபெயர்ப்பில் வேறு விதமாகவும் வரும். சங்கீதங்களிலும் தீர்க்கதரிசிகளிலும் இந்தக் கருத்து பல இடங்களில் இருக்கிறது. சில வேளைகளில் ஆவியானவர் ஊழியக்காரனின் வாயில் வசனத்தை அந்தச் சூழ்நிலைக்கு ஏற்றபடி அருளுவார். எழுத்தைவிட அதன் பின்னால் இருக்கும் விசுவாசமே முக்கியம். நீங்கள் ஜெபத்தோடு தேடுங்கள், அவர் காண்பிப்பார்.

பெரியவர் ஆதிநாராயணனுக்காக இங்கே ஊக்கமாக ஜெபிக்கிறோம். அவர் விஷயத்தில் அவர் குடும்பத்தார் ஜெபித்துத் தீர்மானிக்கட்டும்.

இங்கே ஷிப்டு மாறி மாறி வருவதால் போன் எடுக்க முடிவதில்லை.

ஊழியத்தில்,
ஜோஷ்வா

*

திருவாலங்காடு
28 ஜனவரி 2024

ஜோஷ்வா அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் 16ஆம் தேதி, மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் வந்தது. இரண்டு முறை வாசித்தேன். கேட்டது மூன்று சொல். நீங்கள் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அந்த மூன்று சொல் அதில் இல்லை. நம்பரும் இல்லை.

அன்றைக்கே சுமலதா தன் போனில் வேதத்தை இறக்கினாள். கால் என்று அடித்தாள், கால்கள் என்று அடித்தாள், பாதம், பிரகாரம், அதிகாரம், எல்லாம் அடித்தாள். நூற்றுக்கணக்கில் வந்தது. விடிய விடிய என்று சொல்ல மாட்டேன், மறுநாள் காலையில் ஆரம்பித்து மாடு கறக்கும் நேரம் வரை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நீங்கள் சொன்ன மொழிபெயர்ப்புகளையும் பார்த்தோம். அவள் வேதம் தெரியாதவள். கடைசியில் மெதுவாகக் கேட்டாள், "அக்கா, உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லாமல் எப்படிப் போகும். மூன்று நாள் அதைத் தவிர வேறு எதையும் நான் மனதில் வைக்கவில்லை.

18ஆம் தேதி நானே ஆதிநாராயணன் வீட்டுக்குப் போனேன். "நைனா, நான் சொன்னது புக்குல இல்ல. தேடிப் பாத்துட்டேன். நீங்க டாக்டர் சொல்றதக் கேளுங்க" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அப்ப யாரு சொன்னது அது?"

"கேட்டுச் சொல்றேன்" என்றேன். தலையைத் தூக்க முடியவில்லை.

மறுநாள் அவர் போனார். இரண்டு விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. நேற்று கட்டுப் போட்ட காலோடு, கோல் ஊன்றிக் கோயில் வரைக்கும் போய் வந்தார். எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

இன்னொன்றையும் எழுதுகிறேன். போன வாரம் செயற்கைக் காலைப் பொருத்திப் பார்க்கச் சென்னைக்கு அழைத்திருந்தார்கள். அளவெடுப்பவர் நல்ல மனுஷர். வயலில் இறங்க முடியுமா என்று இவர் கேட்டார். அவர் சொன்னார், "முட்டி தப்பியிருந்தா சேத்துலகூட எறங்கலாம்பா. முட்டிக்கு மேல போயிட்டதால மட்டமான தரையிலதான். இன்னாத்துக்கு அவ்ளோ லேட்டு பண்ணீங்க?"

இவர் சொன்னார், "நாங்க எங்க பண்ணோம். ஆஸ்பத்திரிலதான் மூணு நாளு இழுத்தடிச்சானுங்க."

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். முதல் நாளே முட்டிக்குக் கீழே எடுத்துவிடலாம் என்று டாக்டர் பேப்பரை நீட்டியதும், நான் முடியாது என்றதும் இவருக்குத் தெரியாது. எப்போதும் நான் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. செய்யாத குற்றத்தை ஆஸ்பத்திரிக்காரர்கள் தலையில் அவர் வைக்க, நான் பை சுமந்துகொண்டு வந்தேன்.

இப்போது வேறு எதுவும் எழுத வேண்டாம். ஸ்தோத்திரமும் வேண்டாம். அந்த வசனம் வேதத்தில் இருக்கிறதா, இல்லையா?

செண்பகம்

*

ஓசூர்
9 பிப்ரவரி 2024

செண்பகத்துக்கு,

இல்லை.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு நாலு நாள் தாளை அப்படியே வைத்திருந்தேன். அது வேதத்தில் இல்லை. எந்த மொழிபெயர்ப்பிலும் இல்லை. நான் சொன்னது.

அன்றைக்கு வராந்தாவில் நடந்ததை எழுதுகிறேன். டாக்டர் பேப்பரைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நீங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தீர்கள். "அண்ணா, ஆண்டவர் இன்னா சொல்றாரு?" என்று கேட்டீர்கள். எனக்கு ஒரு வசனமும் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் ஜெபவீட்டில் பேசியவன், தலைக்குள் ஒன்றுமே இல்லை. நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வாயைத் திறந்தேன், அது வந்தது. "பிரகாரங்கள்" சங்கீதத்தில் எங்கோ படித்த சொல். மற்றதெல்லாம் அந்த ஓசைக்கு நானே சேர்த்தது. சொல்லி முடித்ததும் எனக்கே புல்லரித்தது. ஒருவேளை நிஜமாகவே அவர்தான் தந்தாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். மறுநாள் காலையில் அப்படி நினைக்கவில்லை. மூன்றாம் நாள் உங்களிடம் வந்து, கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்ல ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்தேன். டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டேன்.

அதோடு நிற்கவில்லை. உயிர் தப்பியதும் ஞாயிற்றுக்கிழமை அதையே சாட்சியாகச் சொன்னேன். "ஒரு சகோதரி வசனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்" என்றேன். நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்கப்புறம் நீங்கள் எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவேன். ஓசூருக்கு நல்ல வேலை கிடைத்து வந்ததாக அந்தோணி நினைத்துக்கொண்டிருக்கிறார். சம்பளம் அதேதான். நம்பரை மாற்றியதும் உங்களுக்குப் பயந்துதான்.

போன மாதம் அந்தப் பெரியவர் விஷயம் தெரிந்த பிறகும் அந்தக் கடிதத்தை எழுதினேன். எழுதும்போது 19ஆம் தேதி என் கண்முன்னால் இருந்தது. அவர் பாதம் போயிருந்தால் அதுவும் என் தலையில்தான். தெரிந்தேதான் தபால் பெட்டியில் போட்டேன்.

ஒன்றைச் சொல்ல உங்களைத் தவிர ஆள் இல்லை. இப்போது என்னால் வேதம் வாசிக்க முடியவில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் என் குரல்தான் கேட்கிறது. நான் ஒரு நொடியில் செய்த வசனம் உங்களுக்குக் கடவுள் வார்த்தையாகக் கேட்டதே. அப்படியென்றால் இதெல்லாமும் என்னைப் போல யாரோ ஒருவன், வேறொரு வராந்தாவில், எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்த்துச் சொன்னதுதானா? உங்கள் விசுவாசத்தையும் கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

மன்னிப்பு என்ற சொல்லை எழுத எனக்கு முகமில்லை.

ஜோஷ்வா

*

திருவாலங்காடு
14 மார்ச் 2024

ஜோஷ்வா அண்ணனுக்கு,

அண்ணன் என்று எழுத வேண்டாம் என்று நினைத்தேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று வேதத்தை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஒரு வாரம் தொடவில்லை. அப்புறம் கோபத்தில்தான் எடுத்தேன். எந்த வரி உங்களை மாதிரி ஆள் சொன்னது என்று பார்த்துவிடலாம் என்று முதல் பக்கத்திலிருந்து, பேர் வரிசைகளைத் தாண்டித் தாண்டி, ராப்பகலாக வாசித்தேன். இதுவரை நீங்கள் காட்டும் இடங்களைத்தான் வாசித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

ராஜாக்கள் கதை வரும் இடத்தில் ஒரு கிழவன் வருகிறான். அவனும் ஊழியக்காரன். கடவுள் அனுப்பிய ஒருவன் அந்த ஊர் வழியாகப் போகிறான். வழியில் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று அவனுக்குக் கட்டளை. இந்தக் கிழவன் போய், தேவதூதன் என்னிடம் சொன்னான், நீ என் வீட்டில் சாப்பிடலாம் என்கிறான். அது பொய் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அவன் நம்பிப் போய்ச் சாப்பிடுகிறான். திரும்பும் வழியில் சிங்கம் அவனை அடித்துப்போட்டது.

பொய் சொன்னவனை அடிக்கவில்லை, அண்ணா. நம்பினவனைத்தான் அடித்தது. கிழவன் போய்ப் பிணத்தை எடுத்து வந்து, அழுது, தன் கல்லறையில் வைக்கிறான். அவ்வளவுதான். இதில் நியாயம் எங்கே என்று அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். யாரோ என்னைப் பற்றி எழுதி வைத்த மாதிரி இருந்தது.

ஆனால் அழுது முடித்த பிறகு ஒன்று தோன்றியது. நீங்கள் செய்த வசனம் எப்படி இருந்தது? நான் கேட்க ஆசைப்பட்டதை அப்படியே சொன்னது. எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்த்துச் செய்தது அப்படித்தான் இருக்கும். இந்தக் கதையை யார் முகத்தைப் பார்த்து யார் செய்திருப்பார்கள்? இது எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. ஊழியக்காரனுக்கும் மரியாதை தேடித் தரவில்லை. தன் ஆள் பொய் சொன்னான் என்பதைத் தானே எழுதி வைத்திருக்கிறது. இதில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை, அதில் பாதி புரியவுமில்லை. ஆனால் இது உங்கள் குரல் இல்லை. உங்கள் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் உங்கள் கேள்விக்கு என்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும்: நான் இதை நம்புகிறேன், உங்களை நம்பவில்லை. இரண்டும் ஒன்று என்று இத்தனை நாள் நினைத்திருந்தது என் தப்பு.

நம்பிப் போனவன் மேலும் தப்பு உண்டு என்று அந்தக் கதை சொல்கிறது. அவன் தனக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு அடுத்தவன் வாயை நம்பினான். டாக்டர் பேப்பரை நீட்டியபோது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. காலின் நிறத்தைப் பார்த்தேனே.

அதனால் அவரிடம் சொல்லிவிட்டேன். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாடு கொண்டுபோனபோது சொன்னேன்.

"அப்ப ஆஸ்பத்திரிக்காரன் இல்லியா?" என்றார்.

"இல்ல. நாந்தான்."

"மூணு நாளும் நீயா?"

"நாந்தான்."

தூக்குச் சட்டியை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவினார். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. வைத்ததைச் சாப்பிடுகிறார், நல்லது கெட்டது சொல்வதில்லை. தம்பியிடம் பேசுகிறார், மாட்டிடம் பேசுகிறார். பதினாறாம் நாள், அதாவது நேற்று, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அந்த ஜோஷ்வாவ வரச் சொல்லு. அடிக்க மாட்டேன். ஒண்ணு கேக்கணும்."

வாருங்கள்.

செண்பகம்

*

ஓசூர்
3 ஏப்ரல் 2024

செண்பகத்துக்கு,

போன ஞாயிறன்று உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முந்தைய ஞாயிறு நான் கும்மிடிப்பூண்டிக்குப் போனது உங்களுக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஜெபவீட்டில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வசனம் என்னுடையது, சாட்சி பொய், ஒரு மனுஷனின் முட்டி என்னால் போனது, எல்லாம். முடித்ததும் என்ன நடந்தது தெரியுமா. அல்லேலூயா என்றார்கள். கை தட்டினார்கள். ஒரு பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்து, "எவ்ளோ தாழ்மை பிரதர் உங்களுக்கு" என்றார். அந்தோணி மட்டும் தட்டவில்லை. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அவர் கேட்டார், "அவங்க ஊட்டுக்குப் போய்ச் சொன்னியா?" இல்லை என்றேன். "அப்ப இங்க இன்னாத்துக்கு மொதல்ல சொன்ன?" என்றார். கை தட்டு வாங்குகிற இடத்துக்கே முதலில் போயிருக்கிறேன். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அதனால் உங்கள் வாசலில் வந்து, செருப்பைக் கழற்றாமலே நின்றேன். குப்புராஜ் நாற்காலியைக் காட்டினார். நான் தரையில் உட்கார்ந்தேன். "மேல உக்காருப்பா, பேஜாரு பண்ணாத" என்றார். உட்கார்ந்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்த பிறகு கேட்டது ஒன்றே ஒன்று.

"தெரியாதுன்னு சொல்றதுக்கு உனக்கு இன்னாப்பா கஷ்டம்?"

நீங்கள் டீ கொடுத்தீர்கள், குடித்தேன். சாயங்கால ரயிலுக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம் அதையே யோசித்தேன். நல்ல நல்ல பதில்கள் வந்தன. உங்களுக்கு ஆறுதல் சொல்ல நினைத்தேன், உங்கள் விசுவாசம் குலையக் கூடாது என்று நினைத்தேன். எல்லாம் பொய். இந்த மூன்று நாளில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது இதுதான்.

மில்லில் நான் எலக்ட்ரீசியன் ஹெல்ப்பர். பதினைந்து வருஷம் ஹெல்ப்பர். "டேய், ஒயர எட்ரா" என்பார்கள், பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஜெபவீட்டில் வாயைத் திறந்தால் நாற்பது பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவ்வளவு படித்த டாக்டரை விட்டுவிட்டு நீங்கள் என்னிடம் வந்தீர்கள். தெரியாது என்று சொல்லியிருந்தால் நீங்கள் உடனே அந்தோணிக்குப் போன் போட்டிருப்பீர்கள். அவர் கையெழுத்துப் போடு என்றிருப்பார். முட்டி தப்பியிருக்கும். அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். ஆனால் நீங்கள் என்னை விட்டுவிட்டு அவரைக் கேட்பதை என்னால் தாங்க முடியவில்லை. கடவுள் பெயரைச் சொல்லி நான் காப்பாற்றிக்கொண்டது என் பெயரைத்தான்.

இதைவிட அசிங்கமாக இதை எழுதத் தெரியவில்லை. குப்புராஜிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் பதில் சொல்ல வேண்டாம்.

நான் இனிமேல் எங்கும் பேசப் போவதில்லை. இங்கே ஒரு சபையில் பின்னால் உட்காருகிறேன். வாசிக்க ஆரம்பித்திருக்கிறேன், வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி.

ஜோஷ்வா

*

திருவாலங்காடு
20 ஏப்ரல் 2024

ஜோஷ்வா அண்ணனுக்கு,

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மத்தியானம், சாப்பிட்டு முடித்து அவர் சாய்ந்திருந்தார். ஹெல்ப்பர் என்று வரும் இடத்திலிருந்து மறுபடி வாசி என்றார். வாசித்தேன். முடித்ததும், "இது நெசம். இதுல அவனுக்கு ஒரு லாபமும் இல்ல" என்றார். அப்புறம், "மடிச்சி வை" என்றார்.

உங்களை மன்னித்தாரா என்று கேட்காதீர்கள். என்னையே மன்னித்ததாக அவர் இன்னும் சொல்லவில்லை. ஆதிநாராயணனிடம் நானே போய், அந்த வார்த்தையைச் சொன்னது ஒரு மனுஷன்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். "அத அன்னிக்கே நெனச்சேன்" என்றார். மோர் கொடுத்தார். வாசலில் அவரைக் கண்டால் இப்போது உள்ளே ஓடுவதில்லை. அவ்வளவுதான் தேறியிருக்கிறேன்.

நேற்று ராத்திரி சாப்பாட்டில், "இன்னாடி கொழம்பு இது, உப்பு எங்க?" என்று இவர் சத்தம் போட்டார். ஏழு வாரமாக வைத்ததை வைத்தபடி தின்றுகொண்டிருந்தவர். எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

செண்பகம்